பட்டியலில் இல்லாத பறை

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஏரிப்பக்கம் இறங்கினால் வரும் காலனி ஒன்றில் மாலை நேரப் படிப்பகம் நடக்கிறது. அன்று பிள்ளைகள் கலைந்த பிறகு, பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் தம்பி ஒருவன் நம்மை நிறுத்தினான். “அண்ணா, ஒரு நிமிஷம் இதக் கேளுங்க” என்று ஹெட்போனை நம் காதில் மாட்டினான். அவனுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி அது. மூடி விரிசல் விட்டு, செல்லோ டேப்பின் தயவில் நிற்கிறது. அவன் ஒரு விசையைத் தட்டியதும் நம் காதுக்குள் பறை அதிர்ந்தது.

“எங்க போய் ரெக்கார்டு பண்ணின?” என்று கேட்டோம்.

“ரெக்கார்டு இல்லண்ணா. நானே செஞ்ச சத்தம்” என்றான்.

தோல் இல்லை, குச்சி இல்லை, காய்ச்ச நெருப்பும் இல்லை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓர் ஒலியைக் கணினிக்குள்ளேயே கட்டியிருக்கிறான். சவுண்ட் சிந்தசிஸ் என்று இசைக்கூடங்களில் சொல்லப்படும் இந்த வேலையை ஒலிக்கட்டுமானம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு மார்க் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆசைக்காக இரவில் கண் விழித்துச் செய்கிறான்.

அவன் ஹெட்போன் போட்டுக்கொள்வது அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்காக மட்டும் அல்ல. அவனுடைய அப்பா ஒரு காலத்தில் பறை அடித்தவர். சாவு வீட்டில் தரையில் வீசிய காசைக் குனிந்து பொறுக்கிய ஒருநாள், குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்து கட்டட வேலையில் சேர்ந்தவர். இந்த வீட்டில் பறைச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். மகனோ அதே சத்தத்தைக் கணினிக்குள் தேடிக்கொண்டிருக்கிறான். அப்பா விட்டது சரியா, மகன் தேடுவது சரியா? அந்தக் கேள்வியோடுதான் அன்று நாம் வீடு திரும்பினோம்.

ஹெலிகாப்டர் உண்டு, பறை இல்லை

தம்பியின் தேடல் ஒரு பட்டியலில் தொடங்கியது. கீபோர்டு, கணினி, தாளப்பெட்டி என்று வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ‘மிடி’ என்ற பொது மொழி 1983-இல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித்தும் அதற்கு முன்னின்றவர்கள். உரிமத் தொகை கேட்காமல் எல்லோருக்கும் அதைத் திறந்துவிட்டார்கள். பிறகு 1991-இல், எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே எண்ணுக்கு ஒரே வகை ஒலி வர வேண்டும் என்று 128 ஒலிகளுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். இன்று கல்யாணக் கச்சேரிக் கீபோர்டுகள் பலவற்றிலும், இலவச இசை மென்பொருள்கள் பலவற்றிலும் அந்த வரிசையைப் பார்க்கலாம்.

முதல் எண் பியானோ. 105 சித்தார். 112 ஷெனாய். 115 ஸ்டீல் டிரம். 117 ஜப்பானியரின் தைக்கோ முரசு. கடைசியில் இசையே அல்லாத ஒலிகளும் உண்டு: 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகாப்டர், 128 துப்பாக்கி வெடி. இவை போக, தாளக் கருவிகளுக்கென்று 47 ஒலிகள் கொண்ட தனி வரிசை ஒன்று இருக்கிறது. அதில் பாங்கோ, காங்கா, மராக்கஸ் என்று லத்தீன் அமெரிக்கக் கருவிகள் அடுத்தடுத்து நிற்கின்றன.

“ஹெலிகாப்டர் சத்தம்கூட இருக்குதுண்ணா. நம்மளுது இல்ல” என்றான் தம்பி.

பறை மட்டும் அல்ல, தவிலும் மிருதங்கமும் தபேலாவும்கூட அந்த வரிசையில் இல்லை. நமக்கு எதிரான சதி என்று இதைச் சொல்ல மாட்டோம். பட்டியல் போட உட்கார்ந்தவர்களின் காதில் எது விழுந்திருந்ததோ அது ஏறியது, விழாதது ஏறவில்லை. ஆனால், ஒரு பட்டியலில் இடம்பெறுவதும் விடுபடுவதும் வாழ்க்கையை எப்படிப் புரட்டிப் போடும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த 115-ஆம் எண்ணைப் பாருங்கள். ஸ்டீல் டிரம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அங்கே தோல் முரசு அடித்து ஊர்வலம் போனார்கள். 1880-களில் ஆங்கிலேய அரசு அந்த முரசுகளுக்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின்னைத் தட்டினார்கள். கடைசியில் காலி எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைக் குழித்து, அதிலேயே சுரங்களைக் கொண்டுவந்தார்கள். முரசு பறிக்கப்பட்ட மக்கள் தகரத்திலிருந்து உண்டாக்கிய கருவி இன்று உலகத்துக் கீபோர்டுகளில் எண்ணோடும் பெயரோடும் நிற்கிறது. யாரும் இரக்கப்பட்டு அதைச் சேர்க்கவில்லை. அந்த மக்கள் விடாமல் வாசித்ததால் சேர்க்க வேண்டியதாயிற்று.

மின்சாரம் மேளமாவது எப்படி?

ஒலி என்பது காற்றின் அசைவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்தால் காற்று அசைகிறது. அந்தக் கூம்பை எப்படி அசைக்க வேண்டும் என்று மின்சாரத்துக்குச் சொல்லத் தெரிந்தால், இல்லாத கருவியின் ஒலியையும் உண்டாக்கலாம். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் இதற்கான கருவியை உருவாக்கினார். 1969-இலேயே ஒரு மூக் கருவி அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. சில ஆண்டுகள் அங்கே சிலர் சோதனைகள் செய்தார்கள். அவர்கள் பதிந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் ஆவண அறையிலேயே கிடந்தன. அன்றைக்கு அந்தக் கருவி நம்மவர் கைக்கு எட்டும் இடத்திலும் இல்லை, எட்டும் விலையிலும் இல்லை.

விலை இறங்கியபோது என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ரோலண்ட் நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற தாளப்பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்குள் பதிவு செய்த டிரம்ஸ் ஒலி கிடையாது. எல்லாம் மின்சுற்றுகள் உண்டாக்கும் ஒலி. தாழ்ந்த சுருதியில் ஓர் அலையை எழுப்பி, அதை உடனே மங்கவிட்டால் பெரிய டிரம். இரைச்சலைச் சிறு துணுக்காக வெட்டினால் கைதட்டல். உண்மையான டிரம்ஸ் மாதிரி இல்லையே என்று பலர் அதை ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகள் செய்ததோடு 1983-இல் உற்பத்தி நின்றுபோனது. ஒதுக்கப்பட்ட பெட்டிகள் பழைய பொருள் கடைகளுக்கு மலிவாக வந்தன. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆப்பிரிக்கா பம்பாட்டாவின் குழு 1982-இல் ‘பிளானட் ராக்’ பாடலை அந்தப் பெட்டியின் தாளத்தில்தான் வெளியிட்டது. டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ் போன்றவர்கள் மின்னணுக் கருவிகளைக் கொண்டு டெக்னோ என்ற புது இசையையே உண்டாக்கினார்கள். யாரும் வேண்டாம் என்று கழித்த இயந்திரத்தில், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மக்கள் தங்கள் குரலைக் கண்டெடுத்த கதை இது.

நம் பகுதியின் கதை வேறு மாதிரிப் போகிறது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984-இல் தொடங்கப்பட்டது. அங்கேயும், ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கத்து ஆலைகளிலும் மின்னணுப் பொருள்களைப் பூட்டித் தரும் கைகளில் நம் அக்கா தங்கைகளின் கைகள் ஏராளம். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். கருவியைப் பூட்டுகிறவர்கள் நாம். அதற்குள் என்ன ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் வேறு யாரோ. தம்பி அந்த இடத்தில்தான் கை வைக்கிறான்.

அவன் பறையைக் கட்டிய விதம் எளிது. பறைக்கு இரண்டு குச்சிகள். வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடது கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. அடிக்குச்சிக்கு ஒரு தாழ்ந்த அலையைப் போட்டான். ஓங்கி அடிக்கும்போது தோல் ஒரு கணம் கூடுதலாக இழுபட்டுத் தளர்வதால் சுருதி மேலே தொடங்கிக் கீழே இறங்கும், அதையும் சேர்த்தான். சிண்டுக்குச்சிக்குச் சுள்ளென்ற சிறு இரைச்சல். பறையை ஏன் நெருப்பில் காட்டுகிறோம் என்பதற்கும் கணக்கு உண்டு. சூட்டில் தோலின் ஈரம் போய் விறைப்பு ஏறுகிறது. விறைப்பு நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்காகும். தீ மூட்டிக் காய்ச்சிய நம் பாட்டன்கள் இந்தக் கணக்கைக் காதால் போட்டார்கள். பேரன் எண்ணால் போடுகிறான்.

சுருதியும் சாதியும்

பறைக்குச் சுருதி இல்லை, அது வெறும் இரைச்சல் என்று சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறோம். அறிவியல் என்ன சொல்கிறது?

வட்டமான தோலைத் தட்டினால் ஓர் அதிர்வு மட்டும் எழுவதில்லை. பல அதிர்வுகள் சேர்ந்து எழுகின்றன. அவற்றில் மிகத் தாழ்ந்ததை 1 என்று வைத்துக்கொண்டால், மற்றவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். முழு எண்களாக அமையாததால் காது அதைத் தெளிவான ஒரு சுரமாக எடுத்துக்கொள்வதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கரும்பொட்டுப் போலச் சாந்து பூசியிருப்பார்கள். அந்தச் சாந்தின் எடை, அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண்களுக்கு அருகே இழுத்து நிறுத்துகிறது. வீணைத் தந்தியில் நடப்பதும் இதுதான். சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். 1934-இல் இந்திய மேளங்களைப் பற்றி இன்னும் விரிவாக எழுதினார்.

ராமனுக்கு முன்பே இதைக் கண்டவர்கள் இருந்தார்கள். கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காக வைத்துத் தேய்த்து, தட்டித் தட்டிக் கேட்டு அந்த முழு எண்களைக் காதாலேயே பிடித்தவர்கள் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள். தமிழ்நாட்டில் அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். மாட்டுத் தோலை உரித்து, பதம் பார்த்து, மேடைக்கு ஏற்ற கருவியாக்கித் தந்தவர்கள். அவர்கள் பெயர் மேடைக்கு வந்ததில்லை. கர்னாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலில் அந்தக் குடும்பங்களின் வரலாற்றை எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து என்ற பெயரைப் பலர் முதன்முதலில் அறிந்தது அப்போதுதான். அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தர இசைந்த திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, பின்னர் அனுமதியை விலக்கிக்கொண்டது. 2020 பிப்ரவரி 2 அன்று விழா தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. தென்சென்னையில் நம் கண்ணெதிரே நடந்த நிகழ்ச்சி இது. தோலின் ஒலி வேண்டும், தோல் பதப்படுத்தியவரின் பெயர் மட்டும் சங்கடம் தருகிறது.

பறையில் சாந்து இல்லை. ஆகவே அதற்கு மிருதங்கத்தின் சுருதி இல்லை. அது குறை அல்ல, அதன் வேலை வேறு. பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அந்தச் சொல்தான். வயல் தாண்டி, ஏரி தாண்டி, அடுத்த ஊருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். சபையில் உட்கார்ந்து தம்பூராவோடு இணைய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒலியலைகளில் மேல், கீழ் என்று சாதி கிடையாது. காதில்தான் அதை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

விடுவதா, வைத்துக்கொள்வதா?

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் எண்ணுகிறது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரையே குடி என்று சொல்கிறார். தமிழ் படித்தவர்கள் இதை மேடையில் பெருமையாகச் சொல்வோம். ஆனால் ஏட்டில் இருந்த பெருமை சேரிக்கு வரவில்லை. சேரிக்கு வந்தது கட்டாயம். நடுராத்திரியில் சாவு விழுந்தாலும் கூப்பிட்டால் போக வேண்டும். காய்ச்சல் என்று சொல்லக் கூடாது. கூலி என்று கேட்கக் கூடாது. மறுத்தவர்களை ஊரார் விலக்கி வைத்த கதைகள் நம் வீடுகளிலேயே உண்டு. விருப்பமில்லாதவரைக் கட்டாய வேலைக்கு இழுப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தம்பியின் அப்பா குச்சியை ஒடித்தது தன்மானம். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. பறை அடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்த போராட்டங்களால்தான் நம்மில் பலர் பள்ளிக்கூடம் போனோம். அதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. இழிவின் அடையாளமாக்கப்பட்ட பறையை விடுதலையின் கருவியாக எடுப்போம் என்று கலைக்குழுக்கள் கிளம்பின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். பறை ஆசிரியர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விட்டவர்களும் எடுத்தவர்களும் எதிரிகள் அல்லர். இருவரும் எதிர்த்தது ஒன்றைத்தான்: பிறப்பைக் காட்டிக் கட்டாயப்படுத்துவதை.

இந்த இடத்தில் இயந்திரம் என்ன செய்யும்? கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவித்தால் போதும் என்றார். செய்தி போவது நிற்கவில்லை. அதற்காக ஒருவர் பறையோடு தெருத்தெருவாக நிற்க வேண்டியது நின்றது. ஒலியைக் கட்டாய வேலையிலிருந்து இயந்திரம் பிரித்துவிட முடியும் என்பதற்கு இது சான்று. தம்பியின் மடிக்கணினியும் அதைத்தான் செய்கிறது. அதற்குள் இருக்கும் பறையை எந்த நாட்டாமையும் ராத்திரியில் கூப்பிட முடியாது.

ஆனால் பிரிக்கிற கத்திக்கு இன்னொரு முனையும் உண்டு. பூசை நேரத்தில் மோட்டார் போட்டால் தானாக முரசும் மணியும் அடிக்கும் பெட்டியைப் பல கோயில்களில் பார்க்கிறோம். அது வந்த இடத்தில் மேளக்காரரின் வேலையும் கூலியும் போயின. பறையின் ஒலி எடுக்கப்பட்டு, ‘குத்து’, ‘ஃபோக்’ என்ற பொதுப் பெயர்களில் இசைக்கூடங்களில் புழங்குகிறது. அடித்தவர் யார், எந்த ஊர், அந்த அடிக்கு என்ன பெயர் என்று கேட்பார் இல்லை. ஒலியைக் கட்டாயத்திலிருந்து பிரிப்பது விடுதலை. மக்களிடமிருந்து பிரிப்பது கொள்ளை. இரண்டையும் ஒரே கருவிதான் செய்கிறது. அதனால் கருவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பெயர் போடு, கூலி கொடு

கிராமத்துத் தம்பி தங்கைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: இதைப் பெரிய வித்தை என்று எண்ணி ஒதுங்காதீர்கள். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி ஏதாவது வீட்டுப் பரணில் கிடக்கும். அதைத் தூசி தட்டுங்கள். ஒலியைப் பதியவும் வெட்டவும் ஆடாசிட்டி, தாளம் கட்ட எல்எம்எம்எஸ், ஒலியை அடியிலிருந்து கட்டிப் பார்க்க பியூர் டேட்டா ஆகியவை காசில்லாமல் கிடைக்கின்றன. கைபேசியில் ஒரே ஒரு பறையடியைப் பதிந்து ஆடாசிட்டியில் திறந்தால், அதில் எந்தெந்த அதிர்வுகள் உள்ளன என்று படமாகவே காட்டும். இயற்பியல் புத்தகத்தில் புரியாத அலையியல் அந்தப் படத்தில் புரியும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பீசோ வில்லையை மரத்துண்டில் ஒட்டிக் கணினியின் மைக் துளையில் இணைத்தால், குச்சியால் தட்டுவதைக் கணினி உணரும். தாம்பரத்திலிருந்து ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போகிற செலவுதான் இதில் பெரிய செலவு.

மென்பொருள் பழக்கிவிடும் ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். எல்லா அடியையும் சமமான கட்டங்களில் கொண்டுபோய் ஒட்டவைக்க அது முந்திக்கொள்ளும். சாமிச்சாட்டு அடியும் மாரடிப்பு அடியும் சப்பரத்து அடியும் கட்டத்துக்குள் பிறந்தவை அல்ல. நடக்கிற கால்களோடு பிறந்தவை. அவற்றைக் கேட்டுப் பழக ஆசான்களிடம்தான் போக வேண்டும்.

அப்படிப் போகும்போது மூன்று காரியங்களை மறக்க வேண்டாம். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். அடித்தவரின் பெயரையும் ஊரையும் அடியின் பெயரையும் பதிவோடு சேர்த்து எழுதுங்கள். அதிலிருந்து காசு வந்தால் அவருக்குப் பங்கு கொடுங்கள். இது தர்மம் அல்ல, சட்டம் சார்ந்த உரிமை. காப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் கொண்டுவந்த திருத்தம் நிகழ்த்துகிறவருக்கும் தனி உரிமை தந்தது. யாரெல்லாம் நிகழ்த்துகிறவர் என்று சொல்லும் இடத்தில் பாடகர், வாத்தியக்காரரோடு பாம்பாட்டியையும் அந்தச் சட்டம் சேர்க்கிறது. 2012 திருத்தம், நிகழ்த்தியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் சேர்த்தது. மரபான அடிகள் யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. ஆனால் ஒருவர் அடித்துப் பதிவான அந்த அடி, அவருடைய உழைப்பு.

தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது நிலைக்கும். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானாவும் பறையும் கித்தாரும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. பாடியவர்கள் பெயரோடு அறியப்பட்டார்கள். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது.

அந்தப் பண்டிதரின் பெயர் நம் தாம்பரத்திலேயே இருக்கிறது. சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். கசாயம் வாங்க வரிசையில் நிற்கும் எத்தனை பேர் அந்தப் பலகையை நிமிர்ந்து படிக்கிறார்களோ! அவர் சித்த மருத்துவர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். அச்சு இயந்திரம் அன்றைக்குப் புதுக் கருவி. அது மேல்சாதியாரின் பொருள் என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. அதில் தன் மக்களின் வரலாற்றைத் தானே அச்சடித்தார். இன்றைய புதுக் கருவி தம்பியின் மடியில் இருக்கிறது.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஹெட்போனின் வயர் அறுந்துபோய், ஒலி வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்று நாம் நினைத்தோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ரெண்டு குச்சியும் ஒண்ணா விழுது. அப்படி விழாதுடா. சிண்டு முந்திப் போய்க் கூப்பிடணும், அடி பின்னால வந்து பதில் சொல்லணும்” என்றார். கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் விரலால் தட்டியும் காட்டினார். மகன் இரண்டு ஒலிகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டான். பறை அப்போதுதான் பறையாயிற்று.

“இந்த அடி யாருகிட்டப்பா கத்துக்கிட்ட?” என்று கேட்டான். அவர் தன் தகப்பனாரின் பெயரைச் சொன்னார். தம்பி அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து, அந்த ஒலிக்கோப்பை அதே பெயரில் சேமித்தான்.